துட்டி கேட்க ஒரு ஆங்கில வார்த்தை

எங்கள் சொசைட்டியில் ஒரு அண்ணாச்சி இருக்கிறார். திருநெல்வேலிப் பக்கம். எழுபதைத் தாண்டியவர். தாராவியில் முப்பது வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டு, மகன் தலையெடுத்ததும் ஐரோலிக்குக் குடிவந்தவர். சில மாதங்களுக்கு முன்னால் அவர் மனைவி தவறிப்போனார். காலையில் சொசைட்டி வாட்ஸப்பில் செய்தி போட்டார்கள். பத்து நிமிஷத்தில் நாற்பது பதில். "ஓம் சாந்தி" பாதி, "ஆர்.ஐ.பி." மீதி. நடுவில் "ஹார்ட்ஃபெல்ட் கண்டோலன்ஸஸ்", ஒன்றிரண்டு "பாவ்பூர்ண ஷ்ரத்தாஞ்சலி".

காரியமெல்லாம் முடிந்து நாலைந்து நாள் கழித்து, அண்ணாச்சி போனை நீட்டிக் கேட்டார். "தம்பி, இந்த ஆர்.ஐ.பி.ன்னா என்னது? எல்லாப் பயலுவளும் போட்டிருக்கானுவ."

சொன்னேன். லத்தீன் மொழியில் ரெக்வியெஸ்காட் இன் பாச்சே, அமைதியில் இளைப்பாறட்டும் என்று அர்த்தம், கிறிஸ்தவக் கல்லறைகளில் பொறிப்பது, ஆங்கிலத்திலும் அதே மூன்று எழுத்து பொருந்திவிட்டது என்று. கேட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "நம்ம ஊர்ல யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாவ. வந்து கைய நீட்டுவாவ, தொட்டுட்டு உக்காந்திருப்பாவ. அம்புட்டுதான்" என்றார்.

அன்றிலிருந்து இந்த விஷயம் மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது. சாவு வீட்டில் ஆங்கிலத்தில் பேசவும் எழுதவும் நாம் எப்போது கற்றுக்கொண்டோம்? யாரிடமிருந்து? நான் படித்தது பி.காம். மொழி ஆராய்ச்சியெல்லாம் நம்ம ஏரியா இல்லை. ஆனாலும் இருபது வருஷத்துக்கு மேலாக வங்கியில் இறந்தவர்களின் கணக்கை முடித்துக்கொடுக்கும் வேலையும் பார்த்திருக்கிறேன். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

முதலில் நம்ம பக்கம். தமிழில் இதற்குள்ள வினைச்சொல்லைக் கவனியுங்கள். துக்கம் 'விசாரிக்க'ப் போகிறோம். இழவு 'கேட்க'ப் போகிறோம். திருநெல்வேலிக்காரர்கள் துட்டி 'கேட்க'ப் போவார்கள். விசாரிப்பது, கேட்பது. அதாவது பேச வேண்டியவர் வீட்டுக்காரர். "எப்படிம்மா ஆச்சு?" என்ற ஒரு கேள்வியோடு நம் வேலை முடிந்தது. அவர் சொல்லுவார். ராத்திரி நெஞ்சு வலிக்குதுன்னாங்க, சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தேன், ரெண்டு வாய் குடிச்சாங்க... என்று ஒவ்வொருத்தருக்கும் அதே கதையை ஆரம்பத்திலிருந்து சொல்லுவார். இருபதாவது முறை சொல்லும்போது குரல் கொஞ்சம் தேறியிருக்கும். ஆங்கிலத்திலோ கண்டோலன்ஸை 'ஆஃபர்' செய்கிறார்கள், 'எக்ஸ்பிரஸ்' செய்கிறார்கள், 'கன்வே' செய்கிறார்கள். எல்லாம் போகிறவன் கையில் கொண்டுபோகிற பொருள் மாதிரி. அங்கே பேச வேண்டியது வந்தவர்.

வித்தியாசம் இதோடு நிற்கவில்லை. துக்க வீட்டில் "வாங்க" என்று யாரும் வரவேற்பதில்லை. நாமும் கிளம்பும்போது "போயிட்டு வரேன்" என்று சொல்வதில்லை. சத்தமில்லாமல் எழுந்து வந்துவிடுவோம். நன்றி சொல்லும் வழக்கமும் கிடையாது. உள்ளே பெண்கள் கட்டிக்கொண்டு அழுது ஒப்பாரி வைப்பார்கள். அங்கே சொல்லுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஆண்களுக்கு வாயே கிடையாது. நமக்கு வாய்த்தது இந்த வாயில்லாத மரபு. அதனால்தான் ஆபீசில் ஒரு மராத்திக்காரருக்கோ பஞ்சாபிக்கோ துக்கம் நடந்தால், ஆங்கிலத்தில் என்ன சொல்வதென்று தெரியாமல் வாட்டர் கூலர் பக்கம் ஒதுங்கி நிற்கிறோம்.

இதற்காகத் தமிழில் சொல்லே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். நெய்தல் திணைக்கு உரிப்பொருளே இரங்கல்தான். புறத்தில் கையறுநிலை என்று தனித்துறையே இருக்கிறது. தலைவன் இறந்த பிறகு புலவன் செய்வதறியாமல் புலம்புவது. பாரி போனபின் அவன் மகளிர் பாடியதும் கபிலர் பாடியதும் அந்த வகை. ஆனால் பாருங்கள், அவை எல்லாமே இழந்தவன் குரல். இழந்தவனுக்கு அடுத்தவன் எழுதும் கடிதம் என்று ஒன்று நம்மிடம் இல்லை. தேவைப்படவும் இல்லை. எல்லோரும் நடந்துபோய்ச் சேரும் தூரத்தில்தான் இருந்தார்கள்.

மேற்கே அந்தக் கடிதம் ரொம்பப் பழசு. கிமு 45-ல் ரோமாபுரியின் பெரிய பேச்சாளர் சிசரோவின் மகள் துல்லியா இறந்துபோனாள். அவருடைய நண்பர் செர்வியஸ் சுல்பிசியஸ், ஒரு சட்ட நிபுணர், அப்போது கிரேக்கத்தில் இருந்தார். அங்கிருந்து ஒரு கடிதம் எழுதினார். கப்பலில் வரும்போது ஒரு காலத்தில் ஓகோவென்று இருந்த நகரங்கள் பாழாய்க் கிடப்பதைப் பார்த்தேன், ஊர்களே அழியும்போது மனிதர்கள் நாம் எம்மாத்திரம் என்கிற மாதிரிப் போகும் கடிதம். செய்தி கேட்டு வருந்தினேன், அருகில் இருந்திருந்தால் நேரில் வந்திருப்பேன், மனதைத் தேற்றிக்கொள். இந்த வரிசை இன்றைக்கு வரை மாறவில்லை. லத்தீன் படித்த இங்கிலாந்துப் பையன்கள் இதைத்தான் பாடமாகப் படித்தார்கள். கவனிக்க வேண்டியது, சுல்பிசியஸும் தூரதேசத்தில் இருந்தவர். நேரில் போகமுடியாதவன் கண்டுபிடித்த பண்டம் இது. நம்மை மாதிரி ஆட்களுக்குத்தான் முதலில் தேவைப்பட்டிருக்கிறது!

பிறகு விக்டோரியா மகாராணி காலம். 1861 டிசம்பரில் கணவர் ஆல்பர்ட் இறந்ததிலிருந்து 1901-ல் தான் சாகும்வரை நாற்பது வருஷம் கருப்பு உடைதான். எழுதும் தாளுக்கும் கருப்பு ஓரம். அந்தக் காலத்தில் துக்கத்துக்கென்றே கடிதத்தாள் விற்றார்கள். இறந்த புதிதில் கருப்புப் பட்டை அகலமாக இருக்கும், மாதம் ஆக ஆக மெலிந்துகொண்டே வரும். உறையைப் பார்த்தே துக்கம் எத்தனை பழசு என்று சொல்லிவிடலாம். 1865 ஏப்ரலில் ஆபிரகாம் லிங்கன் சுடப்பட்டு இறந்ததும், அவர் மனைவிக்கு விக்டோரியா தன் கையாலேயே அனுதாபக் கடிதம் எழுதினார். ராணி எழுதியது என்பதைவிட, ஒரு விதவை இன்னொரு விதவைக்கு எழுதியது என்பதுதான் அதில் விசேஷம்.

நம்ம ஊரில் அச்சடிக்கும் கருமாதிப் பத்திரிகையின் கருப்புக் கட்டமும் அந்த ஓரத்துக்கு உறவுக்காரன்தான். ஆனால் நாம் அதோடு நம் பங்கையும் சேர்த்தோம். சாவுச் செய்தி தாங்கிவரும் தபால் கார்டின் முனைகளில் கருப்பு மை தடவி அனுப்புவார்கள். அதை வீட்டுக்குள் வைத்திருக்கக் கூடாது. வாசலிலேயே படித்து, அங்கேயே கிழித்துப் போட்டுவிட்டு, தலைமுழுகிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். வெள்ளைக்காரன் அனுதாபக் கடிதத்தைப் பெட்டியில் போட்டுப் பல தலைமுறைக்குக் காப்பாற்றுகிறான். நாம் கிழிக்கிறோம். அதனால்தான் அந்தப் பக்கத்தில் இதற்கு ஒரு சரித்திரம் இருக்கிறது, நம் பக்கத்தில் வெறும் ஞாபகம்தான் இருக்கிறது.

லிங்கன் பெயர் வந்ததால் இன்னொரு கதை. 1864 நவம்பரில், பாஸ்டனில் இருந்த திருமதி பிக்ஸ்பி என்ற விதவைக்கு லிங்கன் பெயரில் ஒரு கடிதம் போனது. உள்நாட்டுப் போரில் ஐந்து மகன்களையும் பறிகொடுத்தவர் என்று கேள்விப்பட்டு எழுதியது. பத்திரிகையில் வெளியாகி, ஆங்கிலத்தில் எழுதப்பட்ட மிகச்சிறந்த இரங்கல் கடிதம் என்று பெயர் வாங்கியது. 1998-ல் வந்த 'சேவிங் பிரைவேட் ரயன்' படத்தில்கூட வாசிப்பார்கள். பின்னால் துருவிப் பார்த்தால், போரில் செத்தது ஐந்து பேர் இல்லை, இரண்டு பேர். கடிதத்தை எழுதியதும் லிங்கன் இல்லை, அவர் செயலாளர் ஜான் ஹே என்று ஒரு கட்சி இன்றைக்கும் வாதாடிக்கொண்டிருக்கிறது. அசல் கடிதமும் தொலைந்துபோயிற்று. கணக்கு தப்பு, கையெழுத்து சந்தேகம், ஒரிஜினல் இல்லை. எங்கள் ஆபீசில் என்றால் தூக்கி எறிந்துவிடுவோம். ஆனால் கடிதம் நிற்கிறது. ஏனென்றால் அதில் எழுதியவர், தான் என்ன சொன்னாலும் அந்தத் தாய்க்குப் போதாது என்பதை முதலிலேயே ஒத்துக்கொண்டுவிடுகிறார்.

சரி, இது நமக்கு எப்படி வந்தது?

பெரிய அளவில் வந்தது முதல் உலகப்போரில் என்று சொல்லலாம். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அந்தப் போரில் கடல் கடந்து போனார்கள். சுமார் 74,000 பேர் திரும்பவில்லை. போர் முடிந்ததும், இறந்த ஒவ்வொரு வீரனின் குடும்பத்துக்கும் ஒரு வெண்கலத் தகடும், அரசர் ஐந்தாம் ஜார்ஜ் பெயரில் ஒரு வாசகமும் அனுப்பினார்கள். சாம்ராஜ்யம் முழுக்கப் பதிமூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட தகடுகள். இங்கிலாந்து ஜனங்கள் அதற்கு 'செத்தவன் காசு' என்ற அர்த்தத்தில் ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள். தகட்டில் பொறித்திருந்தது ஆங்கிலம். அரசரின் வாசகமும் ஆங்கிலம். ஏதோ ஒரு கிராமத்தில், எழுத்தே தெரியாத ஒரு தாய் அந்தத் தகட்டைக் கையில் வைத்துக்கொண்டு என்ன நினைத்திருப்பாள்?

ஆனால் பம்பாய்த் தமிழர்களாகிய நமக்கு இதைக் கற்றுக்கொடுத்தது ராஜாவும் இல்லை, பள்ளிக்கூடமும் இல்லை. தந்தி.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்தே திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிடும் வேலைக்கும் பிற வேலைக்கும் தாராவிக்கு ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். மாட்டுங்காவில் ஆபீஸ் உத்தியோகக்காரர்கள். பிறகு செம்பூர். யாராக இருந்தாலும் ஊரில் சாவு என்றால் தந்தி. தந்திக்கு ஒவ்வொரு வார்த்தைக்கும் காசு. அதனால் துக்கம் நாலு வார்த்தைக்குள் அடங்கவேண்டும். "ஃபாதர் எக்ஸ்பயர்ட் ஸ்டார்ட் இம்மீடியட்லி." கொஞ்சம் இளகிய மனசுக்காரர் அனுப்பினால் "ஃபாதர் சீரியஸ்." சீரியஸ் என்றால் ஆள் போய்விட்டார் என்று எல்லோருக்கும் தெரியும். ரயிலில் இரண்டு ராத்திரி தனியாக வரப்போகிறவனுக்கு ஒரு நூல் நம்பிக்கையைக் கையில் கொடுத்து அனுப்பும் பொய் அது. அந்தப் பொய்யை நான் மதிக்கிறேன்.

தந்தி ஆங்கிலத்தில் வரும். வாங்குகிறவருக்கு ஆங்கிலம் தெரியாது. தபால்காரர் 'தந்தி' என்று சத்தம் கொடுத்ததுமே தெருவே கூடிவிடும், பிரிப்பதற்கு முன்பே அழுகை ஆரம்பித்துவிடும் என்பார் அண்ணாச்சி. ஒருமுறை வந்த தந்தியில் மகன் பிறந்த செய்தி இருந்ததாம், அதற்கும் ஒரு பாட்டம் அழுதுவிட்டுத்தான் படித்தார்களாம். மளிகைக்கடைக்காரரோ, சங்கத்தில் கணக்கெழுதுபவரோ, பத்தாவது படிக்கும் பையனோ படித்துச் சொல்லவேண்டும். அந்தப் பத்தாவது பையனை நினைத்துப் பாருங்கள். 'எக்ஸ்பயர்ட்' என்ற வார்த்தையை அவன் அகராதியில் கற்றுக்கொள்ளவில்லை. அவன் வாயால் அதைச் சொன்னதும் எதிரே இருந்தவர் தரையில் உட்கார்ந்துவிட்டதைப் பார்த்துக் கற்றுக்கொண்டான். நம்மில் எத்தனையோ பேருக்கு ஆங்கிலத்தின் முதல் பாடம் இப்படித்தான் நடந்தது.

போகமுடியாதவர்கள் பதில் தந்தி கொடுப்பார்கள். அதற்குத் தந்தி இலாகாவே வழி பண்ணி வைத்திருந்தது. தீபாவளி, கல்யாணம், பரீட்சையில் தேறியது என்று வாழ்த்துக்களை நம்பர் போட்டு வைத்திருந்தார்கள் இல்லையா, நாம் நம்பரை எழுதிக்கொடுத்தால் போதும், அங்கே முழு வாக்கியமாகப் போய்ச் சேரும். அந்த வரிசையில் 'ஹார்ட்ஃபெல்ட் கண்டோலன்ஸஸ்' வாசகமும் உண்டு. நெஞ்சிலிருந்து வருகிற இரங்கலுக்கு ஒரு நம்பர்! சிரிப்பு வருகிறதுதான். ஆனால் ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் அமைக்கத் தெரியாத மில் தொழிலாளிக்கு, முதலாளி வீட்டுத் துக்கத்துக்கும் கலெக்டர் வீட்டுத் துக்கத்துக்கும் போகிற அதே வாக்கியம் கிடைத்தது. இன்றைக்கும் நம் விரல் தானாக 'ஹார்ட்ஃபெல்ட்' என்று அடிக்கிறதே, அது அந்த நம்பரின் மிச்சம்தான்.

கடிதமாக எழுத வேண்டுமென்றால் போரிபந்தர் பக்கம் ஜி.பி.ஓ. இருந்தது. பீஜப்பூர் கோல் கும்பஸ் மாதிரி பெரிய கும்மட்டத்தோடு 1913-ல் கட்டிமுடித்த கட்டடம். அதன் எதிரே, புறாக்களுக்குத் தீனி போடும் இடத்துக்குப் பக்கத்தில், தார்ப்பாய்க்கு அடியில் கடிதம் எழுதிக்கொடுப்பவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பல பாஷையில் எழுதுவார்கள். ஊர் ஊராய்ப் பிழைக்க வந்தவர்களின் சந்தோஷமும் சாவும் அவர்கள் பேனா வழியாகத்தான் போயிற்று. வீட்டுக்கு வீடு போன் வந்தபிறகு அந்தத் தொழில் படுத்துவிட்டது.

தந்தியும் போயிற்று. 2013 ஜூலை 14, ஞாயிற்றுக்கிழமை, இந்தியாவில் தந்திச் சேவையின் கடைசி நாள். அன்றைக்குத் தந்தி ஆபீஸ்களில் கூட்டம் அலைமோதியது. ஞாபகார்த்தமாகத் தங்களுக்குத் தாங்களே தந்தி அடித்துக்கொண்டார்கள். வாழ்நாளெல்லாம் எதைக் கண்டு நடுங்கினோமோ அதை ஃபிரேம் போட்டு மாட்டுவதற்கு!

இங்கே என் சொந்தக் குற்றத்தைச் சொல்லியாக வேண்டும்.

2004 வாக்கில், அப்போது நான் வேலை பார்த்த கிளைக்கு ஒரு தமிழ்ப் பெண்மணி வந்தார். கணவர் இறந்து ஒரு மாதம். நானே தயாரித்து அனுப்பிய கடிதத்தோடு வந்திருந்தார். மாதிரிக் கடிதத்தைப் பார்த்து அடித்தது. "வி ரிக்ரெட் டு லேர்ன் தி சாட் டிமைஸ் ஆஃப்..." என்று ஆரம்பித்து, பாஸ்புக், செக்புக், மரணச் சான்றிதழ் கொண்டுவரவும் என்று முடியும். அவர் வாரிசுதாரராக நியமிக்கப்பட்டவர்தான், பணம் தருவதில் ஒரு சிக்கலும் இல்லை. ஆனால் அந்தக் கடிதம் கிடைத்து மூன்று வாரம் அவர் வரவே இல்லை. ஏன் என்று கேட்டேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை படித்துப் பார்த்துவிட்டு, "வி ரிக்ரெட்னு போட்டிருக்கு ஆன்ட்டி, பணம் இல்லைன்னு சொல்றாங்க" என்று சொல்லியிருக்கிறான். அவன்மேல் தப்பே இல்லை. பேங்கிலிருந்து வருகிற கடிதம் 'வி ரிக்ரெட்' என்று ஆரம்பித்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான், இல்லை என்று. லோன் கேட்டவனைக் கேளுங்கள், சொல்வான். வருத்தம் தெரிவிக்கும் சொல்லை நிராகரிப்புக்குச் செலவு செய்து செய்து தேய்த்துவிட்டோம். உண்மையான வருத்தத்துக்கு எடுக்கும்போது அது செல்லாக்காசாக இருக்கிறது. அந்தப் பெண்மணி மூன்று வாரம் எப்படிச் சமாளித்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை.

அதன்பிறகுதான் இந்தச் சொற்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்க்கும் பழக்கம் வந்தது. 'டிமைஸ்' இருக்கிறதே, அது அழுகைச் சொல்லே இல்லை. சொத்துச் சொல். பிரெஞ்சு வழியாக இங்கிலாந்துச் சட்டத்துக்குள் வந்தபோது, நிலத்தையோ உரிமையையோ ஒருவர் இன்னொருவருக்கு மாற்றிக்கொடுப்பது என்றுதான் அர்த்தம். ராஜா செத்தால் கிரீடம் அடுத்தவருக்கு மாறுகிறது, அதை 'டிமைஸ் ஆஃப் தி கிரவுன்' என்றார்கள். அங்கிருந்து மெள்ள சாவு என்ற அர்த்தம் ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் வாடகை ஒப்பந்தப் பத்திரத்தில் 'டிமைஸ்டு பிரமிசஸ்' என்று வரும், பழைய அர்த்தத்திலேயே. ஆக "சாட் டிமைஸ்" என்று பேங்க் எழுதும்போது, பாதித் துக்கமும் பாதிச் சொத்து மாற்றமுமாக, தன்னை அறியாமல் உண்மையையே எழுதுகிறது. (சந்தோஷமான டிமைஸ் உண்டா, எதற்கு அந்த 'சாட்' என்று எங்கள் பழைய மேனேஜர் கேட்பார்.)

'சாரி' என்ற சொல் இன்னும் சுவாரசியம். சாரோ என்ற சொல்லோடு அதற்குப் பிறப்பில் உறவில்லை. 'சோர்', அதாவது புண், அதிலிருந்து வந்தது. எனக்கு வலிக்கிறது என்பதுதான் மூல அர்த்தம். அது ஒரு பக்கம் மன்னிப்பாகவும் இன்னொரு பக்கம் அனுதாபமாகவும் பிரிந்துபோனது. அதனால்தான் "ஐயாம் சாரி" என்று யாராவது சொன்னால் நம் பாட்டிகள், "நீ என்னப்பா பண்ணுவ, உம்மேல என்ன தப்பு?" என்கிறார்கள். ஆனால் சிரிக்காதீர்கள், நம் 'அனுதாபம்' என்ற சொல்லுக்கும் இதே கதைதான். சமஸ்கிருதத்தில் அதற்குப் பின்னால் எரிவது, அதாவது செய்ததை நினைத்து வருந்துவது, பச்சாத்தாபம் என்றுதான் பொருள். தமிழுக்கு வந்து அது பிறர் துக்கத்துக்கு வருந்துவதாக மாறியது. எங்கோ ஒரு மூலையில், இரண்டு பாஷைக்காரர்களும் ஒன்றையே உணர்ந்திருக்கிறார்கள். இன்னொருவர் இழப்புக்கு முன்னால் நிற்கும்போது ஏதோ நாமே தப்புச் செய்த மாதிரி ஒரு கூச்சம் வருகிறது இல்லையா?

பிற்பாடு 'அனுதாபம்' அரசியலில் அடிபட்டது. 1984-ல் இந்திரா காந்தி கொலைக்குப் பின் வந்த தேர்தல், 1991-ல் ஸ்ரீபெரும்புதூருக்குப் பின் வந்த தேர்தல், எல்லாவற்றிலும் 'அனுதாப அலை'. அலை அடித்து அடித்து அந்தச் சொல்லில் ஓட்டு வாடை வந்துவிட்டது. சங்க இலக்கியத்து 'இரங்கல்' மேடைக்கு வந்து, அனுதாபத் தீர்மானங்கள் இரங்கல் தீர்மானங்கள் ஆயின. எனக்கு அந்த மாற்றம் பிடித்திருக்கிறது.

நம் நாட்டவர் கையில் ஆங்கிலம் துக்கத்துக்கு உண்மையாகவே பயன்பட்டதற்கு எனக்குத் தெரிந்து இரண்டு உதாரணங்கள். ஒன்று எல்லோருக்கும் தெரிந்தது. 1948 ஜனவரி 30 ராத்திரி, காந்தி சுடப்பட்ட சில மணி நேரத்தில், நேரு அகில இந்திய வானொலியில் எழுதி வைத்துக்கொள்ளாமல் பேசியது. நம் வாழ்க்கையிலிருந்து வெளிச்சம் போய்விட்டது என்று ஆரம்பித்தவர், கொஞ்ச நேரத்தில் தன்னையே மறுத்து, நான் சொன்னது தப்பு, அது சாதாரண வெளிச்சம் இல்லை என்று திருத்திக்கொள்கிறார். தயாரித்த பேச்சில் அந்தத் தடுமாற்றம் வராது. அத்தனை ஆங்கில வார்த்தை இருந்தும் அந்த நேரத்தில் ஒரு மனிதனுக்குச் சொல் தட்டியது என்பதுதான் அதன் உயிர்.

இன்னொன்று அவ்வளவாகப் பேசப்படாதது. 1942 ஆகஸ்டில் கைதான காந்தி, புனாவில் ஆகா கான் மாளிகையில் அடைக்கப்பட்டிருந்தார். கஸ்தூர்பாவும் அங்கேயே சிறையில். 1944 பிப்ரவரி 22-ல் கஸ்தூர்பா அங்கேயே இறந்தார். கல்யாணமாகி அறுபது வருஷத்துக்கு மேல். வைஸ்ராய் வேவல் பிரபு காந்திக்கு அனுதாபக் கடிதம் எழுதினார். யோசித்துப் பாருங்கள். சிறை வைத்தவரே துக்கம் விசாரிக்கிறார். மார்ச் 9-ம் தேதி காந்தி பதில் எழுதினார், ஆங்கிலத்தில். வேவலுக்கும் அவர் மனைவிக்கும் நன்றி. வேதனையிலிருந்து அவளுக்கு விடுதலை கிடைத்தது என்பதால் அந்த மரணத்தை வரவேற்றேன், ஆனாலும் நான் நினைத்திருந்ததைவிட அதிகமாக இந்த இழப்பு என்னைத் தாக்குகிறது, நாங்கள் வழக்கத்துக்கு மாறான ஒரு தம்பதி என்கிறார். பிறகு அதே கடிதத்தில் அரசியல் வாதத்துக்குப் போய்விடுகிறார், விட்டுக்கொடுக்காமல்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஒன்று தோன்றும். அத்தனை வருஷம் எத்தனையோ எழுதியவர், மனைவியைப் பற்றி இத்தனை நேராகச் சொன்னது ஒரு வெள்ளைக்கார எதிராளியிடம், இரவல் பாஷையில். சொந்தப் பாஷையில் வாய் வராததை இரவல் பாஷையில் சொல்லிவிடலாம் போலிருக்கிறது. இழப்பு நினைத்ததைவிடப் பெரிது என்று ஒரு தமிழ் ஆண்பிள்ளை தமிழில் சொல்லி நான் கேட்டதில்லை.

அண்ணாச்சியிடம் திரும்புகிறேன்.

பன்னிரண்டாம் நாளோ என்னவோ, தபாலில் ஒரு கார்டு வந்தது. அவர் மகன் அமெரிக்காவில் கொஞ்ச காலம் வேலை பார்த்தபோது கூட வேலை செய்த ஒரு வெள்ளைக்கார அம்மா அனுப்பியிருந்தார். மகன் ஆபீஸ் போயிருந்தான். அண்ணாச்சி கார்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார், "படிச்சுச் சொல்லுங்க தம்பி" என்று. அந்தப் பத்தாவது பையன் வேலை இந்த வயதில் எனக்கு வாய்த்தது.

முதல் வரி "சோ சாரி ஃபார் யுவர் லாஸ்." நான் ஒரு பேங்க்காரன். லாஸ் என்றால் நஷ்டம். உங்கள் நஷ்டத்துக்கு வருந்துகிறேன் என்றா சொல்வது? "உங்க வீட்டம்மா போனது தெரிஞ்சு வருத்தப்படறாங்க" என்றேன். அடுத்த வரிகளில்தான் விஷயம் இருந்தது. சில வருஷம் முன்பு அந்த அம்மா பம்பாய் வந்தபோது ஐரோலி வீட்டுக்குச் சாப்பிட வந்திருக்கிறார். காரம் தாங்காமல் கண்ணில் தண்ணீர் வந்ததும், அண்ணாச்சி மனைவி ஒரு வார்த்தை பேசாமல் மீன் துண்டை எடுத்து, குழம்பைத் தண்ணீர் விட்டுக் கழுவி, முள் எடுத்து, தயிர் சாதத்தின் மேல் வைத்துக் கொடுத்தாராம். எங்களுக்குள் பொதுவாக ஒரு வார்த்தைகூட இல்லை, ஆனால் என் அம்மாவுக்குப் பிறகு எனக்கு யாரும் அப்படிச் செய்ததில்லை என்று எழுதியிருந்தார்.

அண்ணாச்சி அதுவரை அழுது நான் பார்த்ததில்லை. துண்டை எடுத்து முகத்தில் வைத்துக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த மீனு கழுவுனது, அத மட்டும் இன்னொருக்கா படிங்க" என்றார். படித்தேன். மூன்று தடவை.

"இதுக்குப் பதில் போடணும்லா?" என்று கேட்டார். போடுவார்கள் என்றேன். நன்றி என்று எழுதினால் போதும் என்றேன். அவருக்கு அது சரிப்படவில்லை. துட்டி கேட்டவங்களுக்கு நன்றி சொல்வதாவது? யோசித்துவிட்டு, "அடுத்த மட்டம் இந்தப் பக்கம் வந்தா வீட்டுக்கு வரச் சொல்லுங்க. மருமவ சமைப்பா" என்றார். நான் பேனாவை எடுத்ததும் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"இப்ப 'வா'ன்னு எழுதப்படாது தம்பி. பதினாறு கழியட்டும்."

பதினேழாம் நாள் காலையில் எழுதினேன். ஆங்கிலத்தில் நாலே வரி. ஐரோலி தபால் ஆபீசில் ஸ்டாம்ப் ஒட்டிப் போட்டுவிட்டு ஆபீஸ் போனேன்.